ஆண் மலட்டுச் செடியை உண்டாக்குவது எளிது, பெருக்குவதுதான் பாடு

கேள்வி இதுதான்: தக்காளி, மிளகாய், முட்டைக்கோஸ் மாதிரி காய்கறிகளில் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு மரபணுவைத் திருத்தி ஆண் மலட்டுச் செடிகளை, அதாவது தன் மகரந்தத்தை வெளிவிடாத செடிகளை, உண்டாக்க முடியும் என்கிறார்களே, அப்படியானால் வீரிய ஒட்டு விதை எடுப்பதற்காகப் பூப்பூவாக மகரந்தப்பையைப் பிடுங்கும் வேலை ஏன் இன்னும் நடக்கிறது? கூடவே, இது மரபணு மாற்றுப் பயிர் கணக்கில் வருமா, விவசாயி விதை எடுத்து வைக்க முடியாமல் செய்யும் தந்திரமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். மலட்டுச் செடியை உண்டாக்குவது இன்று பெரிய வித்தையே இல்லை, தக்காளியில் அது முனைவர் பட்ட மாணவர் ஒருவர் முடிக்கக்கூடிய வேலை. அதை எப்படிப் பெருக்குவது, மகரந்தமே இல்லாத அந்தப் பூவுக்கு வேறு செடியின் மகரந்தத்தை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது, இந்த இரண்டு இடத்தில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். செய்திகளில் முதல் பாதி மட்டும் வருகிறது, இரண்டாம் பாதி வருவதில்லை.

வேலை என்ன என்பதிலிருந்து தொடங்கினால்தான் புரியும். தக்காளிப் பூ இருபால் பூ. மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பு மாதிரி சூல்முடியைச் சுற்றி மூடியிருக்கும், விட்டால் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். அதனால் பூ விரிவதற்கு முந்தைய நாள், இதழ் லேசாக மஞ்சள் காட்டும் மொட்டைப் பார்த்து, இடுக்கியால் அந்தக் கூம்பை மட்டும் உருவி எடுக்க வேண்டும், பிறகு தந்தை வழிச் செடியின் மகரந்தத்தை அந்தச் சூல்முடியில் தடவ வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் தன்மகரந்தம் சேர்ந்துவிடும், ஒரு நாள் முந்தினால் சூல்முடி பக்குவமாக இருக்காது, இடுக்கி கொஞ்சம் ஆழமாகப் போனால் சூல்தண்டு காயப்பட்டுப் பூ உதிரும். இவ்வளவு தொல்லை இருந்தும் தக்காளியில் இது கட்டுப்படியாகிறது என்றால் காரணம் ஒன்றே ஒன்று, ஒரு பூவைத் தொட்டால் நூறு விதைக்கு மேல் கிடைக்கும்.

வெங்காயத்தில் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பூவில் அதிகபட்சம் 6 விதை. கேரட்டில் 2. பூவோ கடுகளவு. இங்கே கையால் செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆண் மலடு என்ற விஷயம் காய்கறி இனவிருத்தியில் முதலில் வெங்காயத்தில் வேரூன்றியதற்கு இதுதான் காரணம். 1925-இல் கலிபோர்னியாவில் ஹென்றி ஜோன்ஸ் என்பவர் இத்தாலியன் ரெட் என்ற வெங்காய ரகத்தில் விதையே பிடிக்காத ஒரு செடியைக் கண்டார். அதிர்ஷ்டம், அந்தச் செடி பூத்தண்டின் உச்சியில் குட்டிக் குமிழ்களை விட்டது, அவற்றை நட்டே அதை அழியாமல் காப்பாற்றினார். 1943-இல் ஜோன்ஸும் கிளார்க்கும் அந்த மலடு எப்படித் தலைமுறை தாண்டுகிறது என்பதை வெளியிட்டார்கள். அதில் செல்லின் உட்கருவிலுள்ள மரபணுவுக்கும் பங்கு உண்டு, உட்கருவைச் சுற்றியிருக்கும் சைட்டோபிளாசத்துக்கும் பங்கு உண்டு. ஏ லைன் (மலட்டுத் தாய்), பி லைன் (அதைப் பெருக்க மகரந்தம் தரும் வளமான இணை) என்று இனவிருத்தியாளர்கள் பேசும் முறை வெங்காயத்தில் அங்கிருந்துதான் வளர்ந்தது.

இந்தச் சைட்டோபிளாச மலட்டின் அழகு, பெருக்குவது சுலபம் என்பது. மலட்டுக் காரணம் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது, மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாக மட்டுமே வரும். ஏ லைனுக்கு அதே ரகத்தின் வளமான பி லைன் மகரந்தத்தைக் கொடுத்தால் பிறக்கும் அத்தனை செடியும் மலடு, பொறுக்கி எறிய வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அந்தத் தாயிலிருந்து வரும் ஒட்டு விதைச் செடியும், தந்தை வழியில் மலட்டை மீட்கும் மரபணு இல்லையென்றால், மலடாகத்தான் இருக்கும். வெங்காயத்துக்கும் கேரட்டுக்கும் கோஸுக்கும் அது பொருட்டே இல்லை, நாம் சாப்பிடுவது குமிழையும் கிழங்கையும் இலையையும்தான், பூத்தால் என்ன பூக்காவிட்டால் என்ன. தக்காளியும் மிளகாயும் காய்க்க வேண்டியவை. அங்கே ஒட்டுச் செடி மலடாக இருந்தால் தோட்டத்தில் ஒன்றும் இருக்காது. காய்கறிகள் என்று மொத்தமாகப் பேசுவதை நிறுத்திவிட்டு, எந்தப் பாகத்தைச் சாப்பிடுகிறோம் என்று பிரித்துப் பார்த்தாலே இந்தத் துறையில் பாதிக் குழப்பம் தீரும்.

சைட்டோபிளாசத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரே மூலத்தையே எல்லோரும் பயன்படுத்தினால் எல்லா ரகமும் ஒரே பலவீனத்தைச் சுமக்கும். 1970-இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் நடந்தது அதுதான், டெக்சாஸ் சைட்டோபிளாசம் கொண்ட ஒட்டு ரகங்கள் நாடெங்கும் பரவியிருந்தன, அந்தச் சைட்டோபிளாசத்தையே குறிவைத்தது போல ஒரு இலைக்கருகல் பூஞ்சை வந்து அந்த ஆண்டு விளைச்சலில் சுமார் 15 சதவீதத்தைக் கொண்டுபோய்விட்டது. முள்ளங்கியில் 1968-இல் ஒகுரா என்ற ஜப்பானியர் விவரித்த மலட்டுச் சைட்டோபிளாசத்தைக் கோஸ் குடும்பத்துக்குக் கொண்டுவந்தபோதும் தொல்லைதான், குளிரில் இலை வெளிறிப் போயிற்று. முள்ளங்கியின் பசுங்கணிகம் கோஸின் உட்கருவோடு ஒத்துப்போகவில்லை. பிறகு செல் இணைவு முறையில் பசுங்கணிகத்தை மட்டும் மாற்றி அதைச் சரிசெய்தார்கள்.

சரி, இப்போது மரபணு திருத்தத்துக்கு வருவோம். இன்னொரு வகை மலடு இருக்கிறது, உட்கருவிலுள்ள மரபணு ஒன்று பழுதானால் வருவது. பெரும்பாலும் ஒடுங்கு பண்பு, அதாவது இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் மலடு. தக்காளியில் இப்படிப்பட்டவை ஐம்பதுக்கும் மேல் தெரியும், எம்எஸ் என்று எழுதிப் பக்கத்தில் எண் போட்டு அழைக்கிறார்கள். காய்க்கும் பயிருக்கு இதுதான் பொருத்தம், ஏனென்றால் தந்தை எந்த ரகமாக இருந்தாலும் அது ஒரு நல்ல பிரதியைக் கொடுத்துவிடும், ஒட்டுச் செடி தானாகவே வளமாகக் காய்க்கும். மீட்பு மரபணுவைத் தனியாகத் தேட வேண்டியதில்லை.

பின் ஏன் அந்த ஐம்பதும் பல பத்தாண்டுகளாகச் சும்மா கிடந்தன? அவை இருந்தது ஏதோ பழைய ரகங்களில். உங்களுக்குப் பிடித்த தாய் வழிக்கு ஒன்றைக் கொண்டுவர வேண்டுமானால் முதலில் கலந்து, பிறகு ஆறேழு தலைமுறை பிற்கலப்பு, அதாவது பிறந்ததை மறுபடி மறுபடி அந்தத் தாய் வழியோடே கலப்பது, செய்ய வேண்டும். ஆறாவது பிற்கலப்பில் பழைய ரகத்தின் பங்கு சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும் என்பது கணக்கு, ஆனால் அந்த மலட்டு மரபணுவின் இருபக்கமும் ஒட்டிக்கொண்டு வரும் துண்டு அவ்வளவு சுலபமாக விடாது, அதில் சின்னக் காயோ தாமதக் காய்ப்போ உட்கார்ந்திருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். இத்தனையும் முடிப்பதற்குள் அந்தத் தாய் வழியே சந்தையில் பழசாகிவிடும்.

கிரிஸ்பர் மாற்றியது இந்த இடத்தைத்தான். காஸ்9 என்ற நொதி, வழிகாட்டி ஆர்என்ஏ காட்டும் இடத்தில் டிஎன்ஏவை வெட்டும், செல் அவசரமாக ஒட்டும்போது ஒன்றிரண்டு எழுத்து விடுபடும் அல்லது கூடும், மரபணுவின் வாசிப்பு அங்கே தடம் புரளும். அதாவது இயற்கையில் ஐம்பது முறை நடந்த விபத்தை, நாம் விரும்பும் தாய் வழியிலேயே, வேண்டிய மரபணுவில் மட்டும் நடத்துகிறோம். பிற்கலப்பு வேண்டாம், ஒட்டிக்கொண்டு வரும் துண்டும் இல்லை. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் கிரிஸ்பரின் உண்மையான லாபம் இதுதான். புதிதாக மலட்டைக் கண்டுபிடித்தது அல்ல, பழைய மலட்டை நல்ல ரகத்துக்கு நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எந்த மரபணுவை வெட்டுவது என்பதில் பெரும்பாலானோர் போய் நிற்பது டபீட்டத்தில். மகரந்தப்பையின் உள்சுவரில் இருக்கும் அந்த ஒற்றை அடுக்கு செல்கள்தான் வளரும் மகரந்தத்துக்கு ஊட்டம் கொடுப்பவை, மகரந்த உறைக்கான பொருளைத் தருபவை, அப்புறம் சரியான நேரத்தில் தாங்களாகவே செத்து வழிவிடுபவை. அந்த நேரம் தவறினாலே மகரந்தம் போச்சு. தக்காளியின் எம்எஸ்10 இப்படி டபீட்டத்தை நடத்தும் ஒரு கட்டுப்பாட்டு மரபணுதான். செடியின் மற்ற பாகங்களில் இதற்கு வேலை குறைவு என்பதால் வெட்டினாலும் செடி நன்றாகவே வளரும், காய் பிடிக்கும் திறனும் கெடாது.

ஆனால் இன்னொரு செடியில் படித்ததை அப்படியே தக்காளிக்குக் கொண்டுவரக் கூடாது. ஆய்வகங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், ஜாஸ்மோனிக் அமிலம் என்ற தாவர ஹார்மோனின் சமிக்ஞையை உணரும் மரபணு கெட்டால் செடி ஆண் மலடாகும். அதே மரபணு தக்காளியில் கெட்டபோது நடந்தது நேர் எதிர், பெண் மலடு. மகரந்தம் இருக்கிறது, விதை பிடிக்கவில்லை. ஒட்டு விதைக்கு இதைவிட உதவாத தாய் கிடையாது. கோஸ் குடும்பத்தில் வேறு சிக்கல், பண்டைய காலத்தில் அதன் மரபுத்தொகுதி மும்மடங்காகி இருப்பதால் பல மரபணுக்களுக்கு இரண்டு மூன்று பிரதி இருக்கும், ஒன்றை வெட்டினால் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும், நீங்கள் வெட்டியது வீண்.

செய்முறையில் எல்லோரும் முதல்முறை சறுக்கும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். திசு வளர்ப்பிலிருந்து வந்த முதல் செடியில் இரண்டு பிரதியும் வெட்டுப்பட்டிருந்தால் அது மலடு, தன்மகரந்தத்தில் விதை எடுக்க முடியாது. வெட்டாத அதே ரகத்தின் மகரந்தத்தைக் கொடுத்து விதை எடுக்க வேண்டும். அப்படி வந்த செடிகளில், வெட்டுவதற்காகச் செலுத்திய காஸ்9 மரபணு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், புதிதாக வந்த நல்ல பிரதியையும் அது வெட்டிவிடும், நீங்கள் வளமான செடி என்று நினைத்தது பாதி மலடாக நிற்கும். ஆகவே அந்தத் தலைமுறையிலேயே காஸ்9 இல்லாத செடியைப் பொறுக்கி, அதைத் தன்மகரந்தத்தில் விட்டு, அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்றாக வரும் மலட்டை எடுக்க வேண்டும். அந்தச் செடியில் வெளியிலிருந்து வந்த டிஎன்ஏ எதுவும் இருக்காது, ஓரிரு எழுத்து விடுபட்ட ஒரு தக்காளி மரபணு மட்டும்தான் இருக்கும்.

இதுவரை நல்ல செய்தி. இனிமேல்தான் பாடு.

ஒடுங்கு மலட்டுச் செடிக்கு விதை எடுத்துப் பெருக்க வழக்கமான வழி, ஒரு பிரதி நல்லது ஒரு பிரதி பழுது என்றிருக்கும் வளமான சகோதரச் செடியின் மகரந்தத்தைக் கொடுப்பது. பிறப்பதில் சரிபாதி மலடு, சரிபாதி வளம். விதையைப் பார்த்தால் தெரியாது, நாற்றைப் பார்த்தாலும் தெரியாது, பூத்த பிறகுதான் தெரியும். அப்படியென்றால் தாய் வரிசையில் இரண்டு மடங்கு செடி நட்டு, நீர் விட்டு, உரம் போட்டு, பூக்கும் வாரத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து, பாதியைப் பிடுங்கி எறிய வேண்டும், அதிலும் ஒன்றிரண்டு வளமான செடி கண்ணில் படாமல் தப்பினால் விதைத் தூய்மை கெட்டது. இடுக்கி வேலையை மிச்சம் பிடிக்கப் போய் இந்த வேலையை வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும். வெட்டுவது எவ்வளவு சுலபமானாலும் இந்த 50:50 மாறாது, அது மெண்டல் கணக்கு.

இதற்குத் தக்காளியில் இருக்கும் மிக அழகான தீர்வு பழையது. எம்எஸ்10 இருக்கும் இரண்டாவது குரோமோசோமிலேயே, கிட்டத்தட்டப் பக்கத்து வீட்டில், தண்டின் ஊதா நிறத்துக்கான ஒரு மரபணு இருக்கிறது. அது கெட்டால் நாற்றின் தண்டு பச்சையாகவே இருக்கும். இரண்டும் நெருங்கிப் பிணைந்திருப்பதால் ஒன்றாகவே தலைமுறை தாண்டும். இரண்டும் கெட்ட மலட்டுத் தாய்க்குச் சகோதரச் செடியின் மகரந்தத்தைக் கொடுத்தால், பிறக்கும் நாற்றில் பச்சைத் தண்டு எல்லாம் மலடு, ஊதாத் தண்டு எல்லாம் வளம். நாற்றங்காலிலேயே ஊதாவைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பச்சையை மட்டும் நடலாம். இன்னொரு லாபமும் இருக்கிறது: பச்சைத் தண்டுத் தாயிலிருந்து வரும் ஒட்டு விதையில் தந்தையின் நல்ல பிரதி இருப்பதால் நாற்று ஊதாவாக வரும், ஆகவே விதைப் பையில் பச்சை நாற்று ஒன்று தலைகாட்டினால் அது ஒட்டு அல்ல என்று வெறுங்கண்ணாலேயே சொல்லிவிடலாம். மூலக்கூறு சோதனைக்குக் காசு வேண்டாம்.

இயற்கைப் பிணைப்பை நல்ல ரகத்துக்குக் கொண்டுவரப் பழையபடி பிற்கலப்பு வேண்டியிருந்தது. இப்போது அந்த இரண்டு மரபணுவையும் ஒரே தடவையில், விரும்பிய தாய் வழியிலேயே வெட்டுகிறார்கள். மிக அரிதாகப் பிணைப்பு அறுந்து பச்சையில் வளமும் ஊதாவில் மலடும் வரும், அதைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

2020-இல் சீன ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். எஸ்எல்எஸ்டிஆர்1 என்ற மரபணுவைக் கிரிஸ்பரால் வெட்டி மலட்டைச் செய்தார்கள், பிறகு அந்த மரபணுவின் நல்ல பிரதியோடு நாற்றை ஊதாவாக்கும் ஒரு மரபணுவையும் ஒரே துண்டாகக் கட்டி மலட்டுச் செடிக்குள் செலுத்தினார்கள். அந்தத் துண்டு ஒரு பிரதியாக இருக்கும் செடி வளமானது, அதுதான் பராமரிப்பு வழி. மலட்டுத் தாயோடு அதைக் கலந்தால் ஊதா நாற்று பராமரிப்புக்கு, சாதாரண நாற்று விதை உற்பத்திக்கு. இரண்டும் ஒரே துண்டில் இருப்பதால் பிணைப்பு அறுந்துவிடுமோ என்ற கவலை கிட்டத்தட்ட இல்லை. குறை என்னவென்றால், பராமரிப்புச் செடி மரபணு மாற்றுச் செடி, அதை வைத்திருப்பதற்கே பல நாடுகளில் அனுமதி வேண்டும்.

மக்காச்சோளத்தில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே மீட்பு மரபணுவோடு மகரந்தத்தின் மாவுச்சத்தைத் தின்று அதைக் கொல்லும் ஒரு மரபணுவும், விதையைச் சிவப்பாக ஒளிர வைக்கும் ஒரு மரபணுவும் சேர்ந்திருக்கும். செலுத்தப்பட்ட துண்டைச் சுமக்கும் மகரந்தம் செத்துப்போகும், உயிரோடு பறப்பது துண்டில்லாத மகரந்தம் மட்டும், ஆகவே மலட்டுத் தாயில் விழுந்தால் நூற்றுக்கு நூறு மலடு. பராமரிப்பு விதையை நிறம் பார்த்து எந்திரமே பிரித்துவிடும். அமெரிக்க வேளாண்மைத் துறை 2011-இல் இதைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. காய்கறியில் இதே மாதிரி ஒன்றை முழுமையாகக் கட்டினால் பெருக்கும் பிரச்சினை தீரும், ஆனால் ஒவ்வொரு பயிருக்கும் விதைச் சந்தை சின்னது, மக்காச்சோளக் கம்பெனிகள் போட்ட பணத்தை யார் போடுவார்கள் என்பது வேறு கதை.

நெல்லில் வெப்பநிலையை வைத்து விளையாடுகிறார்கள், டிஎம்எஸ்5 என்ற மரபணு கெட்ட செடி வெயிலில் மலடு, குளிர்ச்சியில் வளம், ஆகவே குளிர்ச்சியில் தன் விதையைத் தானே பெருக்கிக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் விதை உற்பத்திக் காலத்தில் நாலு நாள் எதிர்பாராத குளிர் அடித்தால் மொத்த வயலும் தன்மகரந்த விதையாகிவிடும். திறந்த வெளிக் காய்கறி விதை உற்பத்திக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கோஸில் ஒரு விசித்திரம் உண்டு, அங்கே ஓங்கு பண்பாகவே ஒரு மலடு இருக்கிறது, அதாவது ஒரு பிரதி இருந்தாலே போதும். 2023-இல் அதன் மரபணுவைப் பிடித்துவிட்டார்கள், அந்த மரபணுவை இயக்கும் முன்பகுதியில் ஒரே ஓர் எழுத்து குறைந்ததுதான் காரணம். மகரந்தம் வளரும்போது அடங்க வேண்டிய மரபணு அடங்காமல் கத்திக்கொண்டே இருக்கிறது, மகரந்தம் உருவாவதில்லை. கோஸுக்கு ஒட்டுச் செடியில் பாதி மலடாக இருந்தாலும் கவலையில்லை என்று முன்பே சொன்னேன் இல்லையா, அதனால் இங்கே ஓங்கு மலடும் பயன்படும். தக்காளிக்குப் பயன்படாது.

வெள்ளரிக் குடும்பம் தனி. ஆண் பூவும் பெண் பூவும் வேறு வேறாக இருக்கும் இடத்தில் மகரந்தத்தை மலடாக்க வேண்டிய தேவையே இல்லை, ஆண் பூ வராமல் செய்தால் போதும். டபிள்யூஐபி1 என்ற மரபணு பெண் உறுப்பை அடக்கி வைப்பது, வெள்ளரியிலும் தர்பூசணியிலும் அதை வெட்டியபோது பெண் பூவே மிகுந்த செடிகள் வந்தன. அப்படிப்பட்ட செடியைப் பெருக்க வேண்டுமா? வெள்ளி நைட்ரேட்டோ வெள்ளித் தயோசல்ஃபேட்டோ தெளித்தால், எத்திலீன் என்ற தாவர ஹார்மோனை உணர்வது தடைபட்டு ஆண் பூ விடும், தன் விதையைத் தானே எடுத்துக்கொள்ளலாம். பெருக்கும் பிரச்சினை ஒரு தெளிப்பானில் முடிந்தது. மற்ற பயிர்க்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய இடம் இது.

மைட்டோகாண்ட்ரியாவையே திருத்தலாமே என்று கேட்பீர்கள். கிரிஸ்பருக்கு அங்கே வழியில்லை, வழிகாட்டி ஆர்என்ஏவை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்ப நம்பகமான முறை இல்லை. ஆர்என்ஏ தேவைப்படாத டாலன் என்ற பழைய வெட்டும் புரதத்தை 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல்லிலும் கடுகின் உறவான ரேப்பிலும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பி மலட்டு மரபணுவை வெட்டினார்கள், செடி மீண்டும் வளமானது. 2022-இல் தக்காளியிலும் ஓஆர்எஃப்137 என்ற மரபணுதான் மலட்டுக்குக் காரணம் என்று இதே முறையில் காட்டினார்கள். திசையைக் கவனியுங்கள், மூன்றிலும் மலட்டை நீக்கியிருக்கிறார்கள், உண்டாக்கவில்லை. சைட்டோபிளாச மலடு என்பது ஒரு மரபணு கெட்டுப்போவதால் வருவதில்லை, இல்லாத ஒரு மரபணு புதிதாக முளைப்பதால் வருவது. வெட்டுவது சுலபம், முளைக்க வைப்பது அப்படியல்ல.

இனி மகரந்தம் சுமப்பவர் யார் என்ற பிரச்சினை. வெங்காயம், கேரட், கோஸ் மூன்றிலும் தேன் உண்டு, பூச்சி வரும், மலட்டுப் பூவாக இருந்தாலும் தேனுக்காக உட்காரும். தக்காளிப் பூவில் தேன் கிடையாது. பூச்சிக்கு அங்கே கிடைப்பது மகரந்தம் மட்டும், அதையும் ரீங்காரத்தால் அதிர வைத்துக் கொட்டச் செய்யும் பெரிய வண்டுத்தேனீக்கள்தான் எடுக்கும். மகரந்தமும் இல்லாத மலட்டுப் பூவுக்கு அது எதற்காக வர வேண்டும்? ஆக எவ்வளவு நல்ல மலட்டுத் தாயை நீங்கள் உண்டாக்கினாலும் தக்காளியில் மகரந்தம் தடவுவது கையால்தான். மிச்சமாவது மகரந்தப்பை நீக்கும் பாதி வேலை.

அந்தப் பாதியும் சாதாரணமானதல்ல. திறமை அதிகம் வேண்டியது அந்தப் பாதிக்குத்தான், தவறு நடப்பதும் அங்கேதான். மலட்டுத் தாயில் மொட்டு நிலையிலேயே பிடிக்க வேண்டிய அவசரம் இல்லை, விரிந்த பூவில் தடவலாம், மறுநாளும் ஒருமுறை தடவலாம், சூல்தண்டில் காயம் படாததால் காய் பிடிப்பும் மேல். எம்எஸ்10 கெட்ட செடியில் மகரந்தப்பைக் கூம்பு சுருங்கிச் சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கூம்பைப் பிரிக்காமலே மகரந்தம் தொட்டு வைத்துவிடலாம். தூய்மைதான் பெரிய லாபம், கூலி மிச்சம் அடுத்ததுதான்.

மிளகாய்க்கு ஏன் இதே வேகத்தில் செய்யவில்லை என்றால், மிளகாய்த் திசு வளர்ப்பு சொன்ன பேச்சைக் கேட்காது. வெட்டும் கருவி எல்லாப் பயிருக்கும் ஒன்றுதான், வெட்டிய செல்லிலிருந்து முழுச் செடியை எழுப்புவது பயிருக்குப் பயிர், ரகத்துக்கு ரகம் மாறும். வெங்காயமும் அவரைக் குடும்பத்தில் பலவும் இப்படித்தான் படுத்தும். மிளகாயில் 1958-இல் பீட்டர்சன் விவரித்த, இந்தியாவிலிருந்து போன ஒரு விதைச் சேகரிப்பில் கண்ட சைட்டோபிளாச மலடு ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது, அதற்கான மீட்பு மரபணுவும் உண்டு. சில ரகங்களில் வெப்பநிலை மாறினால் மலடு தளரும் என்பதுதான் அதன் குறை.

சட்டத்தைப் பற்றி. பார்னேஸ் என்று ஒரு முறை 1990-இலேயே வந்தது, பாக்டீரியாவின் ஆர்என்ஏ சிதைக்கும் மரபணுவை டபீட்டத்தில் மட்டும் இயக்கி மகரந்தத்தை அழிப்பது, அது சந்தேகமில்லாமல் மரபணு மாற்றுப் பயிர். வெட்டி, காஸ்9-ஐயும் விலக்கிவிட்ட செடி அந்த வகை இல்லை. அமெரிக்கா, ஜப்பான் போன்றவை இப்படிப்பட்டதை மரபணு மாற்று விதிகளிலிருந்து தள்ளி வைக்கின்றன, இந்தியாவும் 2022-இல் வெளி மரபணு சேராத திருத்தங்களுக்கு அந்த விதிகளில் சிலவற்றிலிருந்து விலக்கு அளித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018-இல் நேர்மாறாக, திருத்தமும் பழைய மரபணு மாற்றச் சட்டத்துக்குள்ளேதான் என்றது. அதனால்தான் ஊதாத் தண்டு மாதிரி உள்ளூர் மரபணுக்களை வைத்தே முடிக்கும் முறைமேல் எனக்கு நாட்டம், பராமரிப்புச் செடிகூட எந்த வெளி மரபணுவும் இல்லாமல் இருக்கும்.

விவசாயி விதை எடுக்க முடியாதபடி செய்யும் தந்திரமா என்றால், இல்லை. ஒட்டுச் செடி முழு வளமாகக் காய்க்கும், அந்த விதை முளைக்கும். எடுத்து வைத்து விதைத்தால் எந்த ஒட்டு ரகத்திலும் போலக் குணம் சிதறும், அதோடு நாலில் ஒரு செடி மலடாக வரும், பக்கத்துச் செடி மகரந்தம் எட்டாத பயிர் என்றால் அந்தக் கால்பங்கில் காய் பிடிக்காது. இதை விதைப் பையில் எழுதி விற்பதுதான் நியாயம் என்பது என் கருத்து.

கடைசியாக, நீங்கள் இதையே ஆய்வாக எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். எல்லோரும் மகரந்தத்தை அழிக்கும் மரபணுவையே தேடுகிறார்கள். தக்காளியில் பிஎஸ்-2 என்று ஒரு மலடு உண்டு, அதில் மகரந்தம் முழு ஆரோக்கியமாக இருக்கும், மகரந்தப்பை மட்டும் வெடிக்காது. செல்சுவரைக் கரைக்கும் ஒரு பாலிகேலக்டுரோனேஸ் நொதி கெட்டதுதான் காரணம். கத்தரியிலும் இதே மாதிரி பை திறக்காத மலடு உண்டு. இந்தச் செடியைப் பெருக்க சகோதரச் செடியும் வேண்டாம், நிறக் குறியும் வேண்டாம், பையை ஊசியால் கீறித் தன் மகரந்தத்தையே தடவினால் பிறப்பது அத்தனையும் மலடு, 50:50 என்ற பேச்சே இல்லை. குறை எனக்கும் தெரியும், சில சூழலில் பை தானாகவே கொஞ்சம் விரிந்து தன்விதை பிடித்துவிடும், ஒட்டு விதை எடுக்கும்போது பையை முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் மகரந்தம் கசியும். அதே நொதி மரபணுவை முழுதாக வெட்டிய செடியை, சூல்முடி வெளியே நீண்டிருக்கும் ஒரு தாய் வழியில் உண்டாக்கி, வெயில் காலம் ஒன்று குளிர் காலம் ஒன்று என்று இரண்டு பருவம் வலைக்குள் வைத்து, தானாகப் பிடிக்கும் காய்களை எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை பூச்சியத்துக்குப் பக்கத்தில் நின்றால் மேலே எழுதிய ஊதா நாற்று வேலையெல்லாம் உங்களுக்குத் தேவைப்படாது.